காலையில் ஐந்து நிமிடம் ஓடிய வண்டி

கவரைப் பிரித்ததும் முதலில் கையில் அகப்பட்டது ஃபாரமாகத்தான் இருக்கும். உன் காருக்கான ஃபாரம் அது. எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். ஆனால் உடனே பேனாவை எடுக்காதே. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் என் மகனாக இருக்க முடியாது. இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டுவாய். காகிதத்தில் அந்த வசதி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியாததல்ல. முப்பத்தோரு வருஷம் குரோம்பேட்டையில் கணக்கு டீச்சர். ஆனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பறக்கும் படை. யாருடைய சாக்ஸுக்குள் பிட் இருக்கிறது, யார் உள்ளங்கையில் ஃபார்முலா எழுதியிருக்கிறான் என்று பரீட்சை ஹாலில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மூன்று மணி நேரமும் நாற்காலியில் உட்காரவே மாட்டேன். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கண்ணை எங்கே கழற்றி வைப்பது? தண்ணீர் கேனின் மூடியைத் திருப்பிப் பார்ப்பேன். கொரியர்காரர் நீட்டும் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். உன் அப்பா எனக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நீ வளர்ந்தாய். பாவம்தான்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து தினமும் உன் பையை நான் சோதித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நோட்டைத் திறப்பேன், டிபன் பாக்ஸின் அடியைப் பார்ப்பேன், சட்டையை முகர்ந்து பார்ப்பேன். ஒரு தப்பும் அகப்பட்டதில்லை. நான் வளர்த்த பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். நீ காலேஜ் சேர்ந்த பிறகு, பக்கத்துத் தெருவில் உன் நண்பனின் அம்மா பரண் சுத்தம் செய்தபோது ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் உன் பரீட்சைப் பேப்பர்கள். கணக்கு டீச்சர் மகன் கணக்கில் முப்பத்தொன்று. எனக்குக் கோபம் வந்தது. உன்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் இப்போது யோசித்தால், வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே பையைக் காலி செய்யும் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று தோன்றுகிறது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீயும் மருமகளும் கனடாவுக்குக் கிளம்பிய அன்று, கார் வாங்கி எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ரெண்டே வருஷம்மா, வந்துவிடுவோம் என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தாய். தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வை, இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்றாய். சேலையூரில் நம் தெருவில் மட்டும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நாலு. நாலு வீட்டிலும் காலை ஆறு மணிக்குக் கார் உறுமும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு நானும் போய் உன் சீட்டில் உட்காருவேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம், ஒரு நொடி கூடாது, குறையாது. அதுதான் எனக்கு அன்றைய தினத்தின் முதல் வேலை. உண்மையைச் சொன்னால், உன்னோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

ஓட்டவும் கற்றுக்கொண்டேன், லைசென்ஸும் வாங்கினேன். ஆனால் கேம்ப் ரோடு கடைவரைக்கும்தான் போவேன். காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒருநாள்கூட உன் சீட்டை முன்னால் நகர்த்தியதில்லை. உன் உயரத்துக்கு நீ வைத்துவிட்டுப் போனது அப்படியே இருக்கட்டும் என்று, முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்துக்கொண்டு ஓட்டினேன். உன் அப்பா காஞ்சிபுரத்துக்குப் போகலாம் என்று மூன்று முறை கேட்டார். உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி கேட்டார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. நீ வந்து பார்க்கும்போது வண்டி புதுசாக இருக்க வேண்டும். கம்பெனி சர்வீசிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு பெண் போன் செய்து, ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது மேடம் என்பாள். ஓடாத வண்டிக்கு ஆயில் எதற்கு, யாரிடம் காது குத்துகிறாய் என்று வைத்துவிடுவேன். அப்படியே நாலு வருஷத்தை ஓட்டினேன்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் வண்டிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்தால் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. பிறகு டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு. உன் அப்பா பெட்ரோல் பங்கில் யாரோ சொன்னதை நம்பி, எஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து என்று ஒரு பாட்டிலை வாங்கிவந்து டேங்கில் ஊற்றினார். நடுக்கம் குறையவில்லை. இன்னொரு பாட்டில் ஊற்றினார். ஒருநாள் கொஞ்சம் தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று போய், பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி திணறியது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அன்று மாலையே உனக்குப் போன் செய்தேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "வித்துடலாம்மா. எதுக்கு உனக்கு இந்தத் தொல்லை" என்றாய்.

அந்த "வித்துடலாம்மா" எனக்கு முள் மாதிரி தைத்தது. எட்டு மாதம் நீ ஆசையாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. ரிப்பேர் என்று சொன்ன மறு நிமிடமே விற்றுவிடு என்கிறாய் என்றால் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. அதன்பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. உன் அப்பா உன்னோடு பேச மொட்டை மாடிக்குப் போனார். முழங்கால் வலி என்று மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷர். பீரோவில் காரின் ஆர்.சி. புத்தகம் எப்போதும் என் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கும். ஒருநாள் மேலே இருந்தது. பெருங்களத்தூரில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் தாஸ் இருக்கிறாரே, அப்பாவின் ஸ்கூட்டரை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர், அவர் தெருவில் பார்த்து, "வண்டிய எப்ப கொண்டாரீங்க மேடம்" என்று கேட்டார். வண்டி நடுங்குகிற செய்தி இவருக்கு எப்படித் தெரியும்? கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இந்த ஆள் அப்பாவைப் பிடித்து, அப்பா வழியாக உன்னைப் பிடித்து, நல்ல வண்டியைக் கெட்டுப்போனது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றே வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, ஷாப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, எஞ்சினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். தாஸ் ஒரு மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே காற்று நுழைகிற வால்வில் கார்பன் பிடித்திருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பாவிடம் அந்தக் காலத்துக் கார் ஒன்று இருந்தது. பெட்ரோல் வால்வின் மேலாகத்தான் போகும், போகிற வழியில் அதைக் கழுவிக்கொண்டே போகும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையே தாஸிடம் சொன்னேன். தாஸ் கோபித்துக்கொள்ளவில்லை.

"அது பழைய வண்டி மேடம். இது டைரக்ட் இன்ஜெக்சன். பெட்ரோல நேரா உள்ளயே பீச்சி அடிக்குது. வால்வு மேல ஒரு சொட்டு படாது. எஞ்சின் ஆயில் பொக மட்டும் சுத்திகினு வந்து அது மேல குந்திகினு, அப்டியே காஞ்சி கரியா கீது."

அப்படியானால் டேங்கில் ஊற்றிய மருந்து என்று கேட்டேன். அதுவும் பெட்ரோலோடு சேர்ந்து நேராக உள்ளே போய்விடும், அந்த வால்வின் பக்கமே எட்டிப் பார்க்காது என்றார். இரண்டு பாட்டில் ஊற்றி ஏமாந்த உன் அப்பாவை நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பிறகு தாஸ் நுனியில் கேமரா வைத்த ஒரு நீளமான ஒயரை உள்ளே விட்டுப் போனில் படம் காட்டினார். எண்டோஸ்கோப்பி மாதிரி. பணியாரச் சட்டியைக் கழுவாமல் வருஷக்கணக்கில் அடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் விடுவேனா? இந்தப் படம் என் வண்டியுடையதுதான் என்று என்ன அத்தாட்சி என்றேன். அவர் காற்றுக் குழாயைக் கழற்றி என் முன்னாலேயே வைத்தார். கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, பரீட்சைப் பேப்பரில் போடுவது போல அந்தக் குழாயில் தேதியோடு கையெழுத்துப் போட்டேன். மாற்றி வைத்துவிட்டால்? தாஸ் என்னையும் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீசில் ஸ்பேர் பார்ட்டில் கையெழுத்துப் போட்ட கஸ்டமர் நான் ஒருத்திதானாம்.

வால்நட் கொட்டையின் மேல் ஓட்டைப் பொடித்த தூளைக் காற்றோடு வேகமாகப் பீச்சி அந்தக் கரியை உதிர்ப்பார்களாம். இரும்பைக் கீறாது, கரி மட்டும் போகும். வால்நட் என்றதும் இது எந்த ஊர்க் கதை என்று அந்தத் தூளை வாங்கி முகர்ந்து பார்த்தேன், விரலால் தேய்த்தும் பார்த்தேன். பிறகு அரை நாள் அந்த இரைச்சலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். கரி இருந்த இடத்தில் வால்வு வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னியது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? நாலு வருஷமாகப் பூப்போல வைத்திருந்த வண்டியில் இவ்வளவு கரி எப்படி வந்தது என்றுதான் கேட்டேன். எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டார். காலை ஐந்து நிமிடக் கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"அதான் மேடம் வெனையே. வண்டி தூங்கி எய்ந்துக்க சொல்லோவே ஆஃப் பண்ணிட்றீங்க. எஞ்சின் நல்லா சூடானாத்தான் உள்ள கீற ஈரம், ஆவி எல்லாம் போவும். பழைய ஆயில் வேற. பசங்க ஃபாரின்ல கீற வூட்டு வண்டி எல்லாம் இப்டித்தான் வருது."

பேட்டரிக்காகத்தானே என்றேன். வண்டியை எடுக்கவே போவதில்லை என்றால் பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி வைத்தால் போதும் என்றார். எடுப்பதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் நல்ல ரோட்டில் ஓட்ட வேண்டும். கிலோமீட்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை, சரியான ஆயிலாகப் பார்த்து மாற்றிவிட வேண்டும். அப்படிச் செய்தால் கார்பன் வராமலே போகாது, ஆனால் இவ்வளவு சீக்கிரம் வராது. அவ்வளவுதான், ரகசியம் எதுவும் இல்லை. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் கையைத் துடைத்தபடி அதைச் சொன்னார்.

"விக்கற வண்டிக்கு எதுக்கு மேடம் இவ்ளோ எய்திகினு? சார் உங்களாண்ட சொல்லலியா? தம்பி அங்கியே வூடு வாங்கிட்டாராமே."

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். சொன்னார், மறந்துவிட்டேன் என்றேன். முப்பத்தோரு வருஷம் பொய்யைப் பிடித்தவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொய் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் அது வெண்ணெய் மாதிரி ஓடியது. நான்தான் நம் தெரு முனையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

உன் அப்பா அதற்கு மேல் ஒன்றையும் மறைக்கவில்லை, கேட்டதும் கொட்டிவிட்டார். ஆறு மாதமாகத் தெரியுமாம். வீடு வாங்கினீர்கள், நிரந்தரமாகத் தங்குவதற்கான காகிதம் வந்துவிட்டது, திரும்பி வருகிற எண்ணம் இல்லை, காரை விற்றுவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் மாடியில் பேசி முடிவு செய்தீர்கள். தாஸிடம் விலை கேட்கப் போனவர் அப்பா. நடுங்குகிற வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள், முதலில் சுத்தம் செய்யுங்கள் என்று சொன்னவர் தாஸ். அவர் என்னைத் தெருவில் கேட்டது அதைத்தான். "நீ தாங்க மாட்டேன்னுதான்டி சொல்லல" என்றார் உன் அப்பா. நான் சமையலறைக்குப் போய் அழுதேன். நீ வராததற்காக மட்டும் அழவில்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டவள், வீட்டுக்குள் இருந்த இரண்டு பேரை விட்டுவிட்டேனே என்று அழுதேன். யாரைத் திருடன் என்று நினைத்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேனோ, அந்த மனுஷர் ஒருவர்தான் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

உன்மேல் கோபம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பரண் பேப்பர்களும் ஞாபகத்துக்கு வந்தன. பையைச் சோதிக்கிற அம்மாவிடம் எந்தப் பிள்ளை பையைத் திறந்து காட்டுவான்? உன்னைத் தப்பு செய்யவிடாமல் காப்பாற்றுவதாக நினைத்தேன். அதனால் நீ தப்பு செய்யாமல் இருக்கவில்லை, என்னிடம் சொல்லாமல் இருந்தாய். வண்டியையும் அப்படித்தான் காப்பாற்றினேன். ரோட்டுக்கு விடாமல், சூடாகவிடாமல், ஆயில் மாற்றச் சொன்னவளைத் திருடி என்று நினைத்து. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பையைச் சோதிக்காதே. இதைவிடப் பெரிய புத்திமதி என்னிடம் இல்லை. இன்னொன்று சின்னது. அங்கே நீ ஓட்டுவதும் இதே மாதிரி எஞ்சின்தான் என்று அப்பா சொன்னார். பக்கத்துக் கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதே, அந்தக் குளிரில் சூடாவதற்குள் கடை வந்துவிடும். நடந்து போ.

போன ஞாயிற்றுக்கிழமை கோவளம் போனோம், நானும் உன் அப்பாவும். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து, ஒரு இடத்திலும் திணறாமல், முக்கால் மணி நேரத்துக்கு மேல். உன் அப்பா பயந்துபோய் வழியெல்லாம் பேசவில்லை. வேகத்துக்குப் பயமா, எனக்குப் பயமா என்று தெரியவில்லை. படகு வந்து இறங்கிய நேரம். மீன் விற்ற அம்மா, "செவுள தூக்கிப் பாத்துக்கோ" என்றாள். வேண்டாம், நீ சொன்னால் சரி என்று வாங்கிக்கொண்டேன். உன் அப்பா என் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்த்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு மீன் நாறியது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது, குழம்பு வைத்தேன்.

இனி ஃபாரத்துக்கு வா. வண்டியை விற்கச் சொன்னாய், விற்பதாக நான் இல்லை. என் பெயருக்கு மாற்றிக் கொடு. உனக்காக அதைக் காத்துக்கொண்டிருந்தது போதும், இனி எனக்காக ஓட்டுகிறேன். காலை ஆறு மணிக்குக் கோலம் போட்டு முடித்ததும் கை சாவியைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் ஸ்டார்ட் செய்வதில்லை. நேற்று தலையணையை எடுத்து வீட்டுக்குள் போட்டுவிட்டு, உன் சீட்டை எனக்கு எட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்தேன். இறுகிப் போயிருந்தது, அப்பாவும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. நீ எப்போது வந்தாலும் ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். எத்தனை நாள் இருப்பாய் என்பதை மட்டும் முதலிலேயே, என்னிடமே, உள்ளதைச் சொல். பத்து நாள் என்றால் பத்து நாள். நான் தாங்குவேன்.

பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடு. உன் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே இருக்கட்டும். அதன் நகல் என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

அம்மா